பேர்ல் ஒயிட் காரில் ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை: ஷோரூம் எங்கள் ஊர்க் காற்றைக் காரணம் சொல்கிறது

காலடிப்பேட்டைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வடசென்னையில், தொழிற்சாலைகள் நிறைந்த எண்ணூர், மணலிக்குப் பக்கத்தில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் குடியிருக்கிறேன். 23 நாட்களுக்கு முன்பு எங்கள் குடும்பத்தின் முதல் காரை, சாலைவரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 11 லட்சத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து எடுத்தோம். நிறம் பேர்ல் ஒயிட். டெலிவரி கொடுக்கும்போதே மாலை 7 மணி ஆகிவிட்டது. குழல்விளக்கு வெளிச்சத்தில் மாலை போட்டு, ரிப்பன் கட்டி, படம் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்கிய அந்த அரைமணி நேரத்தில், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தேனே தவிர, குனிந்து எதையும் பார்க்கவில்லை. அது என் தவறுதான்.

ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு, கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழுந்தபோது, இடது பின்கதவு மட்டும் பாலில் ஒரு துளி மஞ்சள் கலந்தாற்போலத் தெரிந்தது. முன்கதவுக்கு அருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆனால் பின்விளக்கை நோக்கிப் போகப்போக அது கரைந்து, எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாமல் போய்விடுகிறது. கதவைத் திறந்து உட்பக்க ஓரத்தில் நகத்தால் தடவினால், நூல் ஒன்றை ஒட்டி அதன்மேல் வண்ணம் அடித்தது போன்ற ஒரு மேடு கதவின் உயரம் முழுவதும் ஓடுகிறது. கதவோரத்து ரப்பர் பட்டையான பீடிங்கின் மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள் தூவியிருக்கின்றன. கைப்பிடிக்கு நாலு விரற்கடை கீழே, ரவையில் பாதியளவு ஒரு தூசி, மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறது, துடைத்தால் போகவில்லை.

இது ஒருபுறம் இருக்க, கூரையிலும் பானட்டிலும் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. மூன்று வாரத்தில் துருப்பிடிக்குமா என்று பதறிப்போய் வண்டியை ஷோரூமுக்கு எடுத்துச் சென்றேன். சர்வீஸ் அட்வைசர் முதலில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார். பிறகு, "எண்ணூர், மணலி காற்றில் நிற்கிற வண்டி இப்படித்தான் ஆகும், இதற்கு வாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார். கதவைக் காட்டியபோதும் அதே பதில். பீடிங்கில் இருந்த புள்ளிகளைக் காட்டிய பிறகு பேச்சு மாறியது: "உங்கள் இன்ஷூரன்ஸில் ஒரு கிளெய்ம் போட்டு, உங்களுக்குச் செலவில்லாமல் கதவைப் புதிதாகப் பெயிண்ட் செய்து தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள். கூடவே பெயிண்டைக் காக்கும் செராமிக் கோட்டிங்கைப் பாதி விலைக்குப் போட்டுக்கொள்ளலாம்" என்றார்.

நான் சம்மதிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். கதவு எனக்குத் தருவதற்கு முன்பே பெயிண்ட் செய்யப்பட்டது என்பதை எப்படி நிரூபிப்பது? அவர்கள் சொல்வதுபோல் மறுபடி பெயிண்ட் செய்துகொள்வது சரியா? பழுப்புப் புள்ளிகள் உண்மையிலேயே ஊர்க் காற்றின் வேலையா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

நண்பருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் காப்பீட்டு இழப்பீடுகளை மதிப்பிட்டவன் என்ற முறையில், முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டவற்றில் மிக அவசரமானது அதுதான்.

கிளெய்ம் படிவத்தில் விபத்து நடந்த தேதி, நேரம், இடம், எப்படி நடந்தது என்று கேட்கப்பட்டிருக்கும். உங்களுக்கு விபத்தே நடக்கவில்லை. அந்தக் கட்டங்களை யார் நிரப்பினாலும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. பொய்யான விபத்தைச் சொல்லி இழப்பீடு கேட்டவர் நீங்களாகிவிடுவீர்கள். அதோடு, கதவு சேதமடைந்தது உங்களிடம் வந்த பிறகுதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிவிடும். அதன்பிறகு அவர்கள்மேல் நீங்கள் சொல்லும் எந்தக் குறையும் நிற்காது. நல்ல வேளை, சம்மதிக்காமல் வந்தீர்கள்.

"செலவில்லாமல்" என்பதும் சரியல்ல. 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பீடு எடுக்காதவராக இருந்தால் பெயிண்டின் பொருட்செலவில் பாதியை உங்கள் தலையில் கழிப்பார்கள். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்கப்படாமல் இருந்தால் பெயிண்டிங் தொகையில் 25 சதவீதத்தைப் பொருட்செலவாகக் கணக்கிடுவது வழக்கம். முதல் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் போனால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடியும் போய்விடும். ஒரு கதவுக்காக, அதுவும் அடுத்தவர் செய்த தவறுக்காக, இவ்வளவையும் இழக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆதாரம். வண்டியை இனி யாரும் தொடக்கூடாது: பாலிஷ் வேண்டாம், கோட்டிங் வேண்டாம், "சும்மா ஒரு கம்பவுண்ட் போட்டுப் பார்க்கிறோம்" என்றாலும் வேண்டாம். காலை வெயிலிலேயே அசைபடம் எடுத்து வையுங்கள். பதிவெண், சேசிஸ் எண், ஓடோமீட்டர் மூன்றும் அதே படத்தில், நடுவே வெட்டாமல், கதவோடு சேர்ந்து வரட்டும். பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி பழைய கார் வாங்கி விற்பவர்கள் பலரிடம் இருக்கிறது. அதைக் கொண்டு நான்கு கதவுகள், கூரை, பானட், டிக்கி என ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களில் அளந்து, திரையில் எண் தெரியும்படி படமெடுங்கள். பம்பரில் வைத்துப் பார்க்க வேண்டாம். அது பிளாஸ்டிக், சாதாரணக் கருவி அங்கே வேலை செய்யாது.

பிறகு எழுத்து. ஷோரூமில் நேரில் பேசிய எதற்கும் மதிப்பில்லை. இன்ன தேதியில் பெற்றேன், இன்ன தேதியில் கண்டேன், இன்ன தேதியில் காட்டினேன், இன்ன பதில் வந்தது என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் போகட்டும். டெலிவரிக்கு முந்தைய சோதனைத் தாள், அதாவது பி.டி.ஐ. தாளின் நகலையும், விற்பனைக்கு முன் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டில் வண்டி இறங்கியபோது எழுதப்பட்ட சேதக் குறிப்பையும் கேளுங்கள். டிரெய்லரிலிருந்து வண்டியை இறக்கும்போது சிராய்ப்பு இருந்தால் எங்காவது குறித்திருப்பார்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஷோரூம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய தொகை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை இருந்தால் கட்டணம் 400 ரூபாய். கால வரம்பு 2 ஆண்டு. பழுதுபார்த்துப் புதுப்பித்த பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்லி விற்பதை அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக முறை என்கிறது. ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்ததாலேயே முழு வண்டியும் "புதுப்பிக்கப்பட்டது" ஆகிவிடுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆகவே புதுக் காரே வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதைவிட, மறைத்து விற்றதை ஒப்புக்கொள்ள வைத்து, மதிப்புக் குறைவுக்கு ஈடு கேட்பதே நடக்கக்கூடியது என்பது என் கருத்து.

வியாசர்பாடி பெயிண்டர்

சர்வேயர் ஐயா காகித விவரத்தைச் சொல்லிவிட்டார். நான் 22 ஆண்டுகளாக டிங்கரிங், பெயிண்டிங் ஷெட்டில் நிற்பவன். கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் நகத்தால் உணர்ந்த மேடு மாஸ்கிங் டேப் ஒட்டிய இடம். கதவைக் கழற்றாமல், வண்டியோடு வைத்தே, உட்பக்கத்தில் டேப் ஒட்டி வெளிப்பக்கம் மட்டும் அடித்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் கதவின் உள்ளும் புறமும் ஒன்றாகப் பெயிண்ட் ஆகும். அங்கே ரப்பர் பீடிங் பெயிண்டுக்குப் பிறகுதான் மாட்டப்படும். ஆகவே பீடிங்கின் மேல் பெயிண்ட் தூறல் இருந்தால், கார் முழுவதும் பொருத்தி முடித்த பிறகு யாரோ ஸ்பிரே கன் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். காற்று வந்து டேப் ஒட்டிவிட்டுப் போகாது.

பேர்ல் ஒயிட் என்றாலே எங்களுக்குத் தலைவலிதான். சாதாரண வெள்ளை அப்படியல்ல. இதில் முதலில் வெள்ளை பேஸ், அதன்மேல் முத்துத் துகள் கலந்த மெல்லிய அடுக்கு, கடைசியில் கிளியர் என்று மூன்று படி உண்டு. நடு அடுக்கை ஒரு கை கூடுதலாக அடித்தாலும் மஞ்சளோ சாம்பலோ அடிக்கும். வண்டியின் பெயிண்ட் குறியீட்டைப் பார்த்துக் கலந்தாலும் அப்படியே பொருந்தாது. அதனால்தான் பக்கத்துப் பாகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கரைத்துவிடுவோம். உங்கள் கதவில் பின்பக்கம் வேறுபாடு கரைந்துபோகிறது, முன்பக்கம் வெட்டினாற்போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்தவருக்கு வேலை தெரியும். பின்பக்கம் கரைத்தவர் முன்கதவுக்கு இழுக்க நேரமோ அனுமதியோ இல்லாமல் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவசரமாக டெலிவரிக்குத் தள்ளிய வண்டியாக இருக்கலாம்.

இன்னொரு சிறு சோதனை சொல்கிறேன். காரைக் கழுவித் துடைத்த பின், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு முன்கதவையும் பின்கதவையும் தடவிப் பாருங்கள். பை இருந்தால் விரல் உணராத நறநறப்பும் தெரியும். மற்ற கதவுகளின் கீழ்ப்பகுதி லேசாக உப்புத்தாள் போல இருந்து, இந்தக் கதவு மட்டும் கண்ணாடி போல இருந்தால், மற்றவை பட்ட தூசியை இது படவில்லை, பின்னால்தான் இதன்மேல் வேலை நடந்திருக்கிறது. பாலிஷ் போட்டிருந்தாலும் அப்படி இருக்கும் என்பதால் இதை ஆதாரம் என்று சொல்லமாட்டேன். அளவுக் கருவியின் எண்ணோடு சேர்த்துப் பார்க்க உதவும்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைப் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும்; ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் ஒருமுறை அடித்திருந்தால் 200, 250 என்று காட்டும். 400, 500க்கு மேல் போனால் அடியில் பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கிறது. தகடு ஒடுங்கி, தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்த கதவு அது. 250இல் நின்றால் வெறும் கீறல்தான், பயப்பட வேண்டாம். 600 என்றால் வேறு கதை, கதவின் உட்பக்கக் கம்பியையும் கீல்களையும் பார்க்க வேண்டும்.

பழைய வண்ணை

எனக்கு இதில் இவ்வளவு மல்லுக்கட்டு தேவையா என்று தோன்றுகிறது. இலவசமாகவே பெயிண்ட் செய்து தருவதாகச் சொன்னால், இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, அவர்கள் செலவிலேயே செய்து வாங்கிக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாமே. நம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகிற வண்டி. ஆறு மாதத்தில் அந்தக் கதவில் எத்தனை கீறல் விழும் என்று யாருக்குத் தெரியும்?

வியாசர்பாடி பெயிண்டர்

பழைய வண்ணை நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் மறுபடி அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

தொழிற்சாலையில் வெறும் தகட்டுக்கூடாக இருக்கும்போதே வண்டியைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சு ஏற்றுகிறார்கள். மேல்பூச்சுகளைச் சுமார் 140 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். வயர், ரப்பர், டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாம் பொருத்திய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. நல்ல பூத் வைத்திருப்பவர்கள்கூட 60, 70 டிகிரியில் அரைமணி நேரம்தான் வைப்பார்கள். மீதியைப் பெயிண்டில் கலக்கிற ஹார்டனர், அதாவது இறுக்கும் திரவம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டாவது பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் பெயிண்டுக்குச் சமம் ஆகாது. உங்கள் கதவில் ஏற்கெனவே ஒரு அடுக்கு கூடுதல். இன்னொன்று அடித்தால் 350, 400 மைக்ரானுக்குப் போகும். ஓரங்களில் கல் தெறித்தால் சில்லுச் சில்லாகப் பெயரும். ஒழுங்காகச் செய்வதென்றால் இருப்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு அடிக்க வேண்டும், நிறம் பொருந்த முன்கதவுக்கும் இழுக்க வேண்டும். அப்போது, இன்று தொழிற்சாலைப் பெயிண்டோடு இருக்கும் முன்கதவையும் சேர்த்துக் கெடுத்ததாகிவிடும்.

செராமிக் கோட்டிங்கைப் பற்றி ஒரு சொல்: புதிதாக அடித்த கிளியர் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் அதன்மேல் எதையும் போட்டு மூடக்கூடாது. பாதுகாப்புப் படலம் ஒட்டுவது இன்னும் மோசம். பின்னால் படலத்தை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்ட வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

எர்ணாவூர் கடற்கரைத் தெரு

பழுப்புப் புள்ளிகளைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக வெள்ளைக் கார் இருக்கிறது. இந்தப் புள்ளிகளோடு குடித்தனம் நடத்துகிறேன் என்றே சொல்லலாம்.

நண்பரே, உங்கள் கார் துருப்பிடிக்கவில்லை. அது வெளியிலிருந்து வந்து விழுந்த இரும்புத் துகள். லாரிகளின் பிரேக், ரயில் தண்டவாளம், வெல்டிங் பட்டறைகளின் கிரைண்டிங் பொறி என்று எங்கிருந்தும் வரும். சூடாக விழுந்தால் கிளியர் கோட்டில் பதிந்து, கடற்காற்றின் ஈரத்தில் துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு வளையம் விடும். மற்ற நிறங்களிலும் உண்டு, வெள்ளையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கூரையிலும் பானட்டிலும் மட்டும் இருப்பதே அது மேலிருந்து விழுந்தது என்பதற்கு அடையாளம். ஆக இந்த ஒரு விஷயத்தில் அந்த சர்வீஸ் அட்வைசர் சொன்னது சரிதான். பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டிப் புத்தகத்தில் தொழிற்சாலைக் கழிவு, உப்பு, பறவை எச்சம், மரப்பிசின் ஆகியவற்றால் வரும் பெயிண்ட் சேதம் விலக்கப்பட்டிருக்கும். ஆனால் புள்ளிக்குச் சொன்ன சரியான பதிலைக் கொண்டுபோய்க் கதவின்மேல் ஒட்டப் பார்த்தாரே, அங்கேதான் சாமர்த்தியம். உங்கள் மின்னஞ்சலில் புள்ளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். எழுதினால் அவர்கள் அதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லிவிட்டுக் கதவை விட்டுவிடுவார்கள்.

நீக்குவது எளிது. இரும்பைக் கரைக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. நிழலில், வண்டி சூடாக இல்லாத நேரத்தில் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலரவிடாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மிச்சத்தை, ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரால் எடுக்கலாம். ஷாம்பூ தண்ணீர் வழிய வழிய, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கிளே தரையில் விழுந்துவிட்டால் மனம் கேட்காமல் எடுத்துத் துடைத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானட் முழுக்கக் கோடு போட்டுவிடும். இதையெல்லாம் கதவு விவகாரம் முடிந்த பிறகு செய்யுங்கள், சர்வேயர் ஐயா சொன்னதுபோல இப்போது எதையும் தொட வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. காலையில் வண்டியின்மேல் படிந்திருக்கும் சாம்பல்நிறத் தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. அனல்மின் நிலையச் சாம்பலாக இருந்தாலும் சாலைத் தூசியாக இருந்தாலும் அது கண்ணாடிப் பொடி போன்றது. வெயிலில் பார்த்தால் சிலந்திவலை போலத் தெரியும் கீறல்கள் அத்தனையும் துடைத்து வந்தவையே. மாதச் சம்பளத்துக்கு விடியற்காலையில் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டி துடைப்பவரிடம் கொடுப்பதைவிடத் தூசியோடு விட்டுவிடுவது மேல். முதலில் தண்ணீரை அடித்துத் தூசியை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அது உலர்ந்தால் வெள்ளை வளையம் விழுந்து கிளியரை அரிக்கும் என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கார் உறையும் போடுவதில்லை; கடற்காற்றில் உறை படபடவென்று அடிக்கும்போது, உள்ளே இருக்கும் மணல் இரவு முழுக்க வண்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பூஜை போட்ட குங்குமமும் சந்தனமும் பானட்டில் இன்னும் இருந்தால், அதை மட்டும் இன்றே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மங்கலமாக இருக்கட்டும் என்று என் மாமியார் ஒரு வாரம் துடைக்கவிடவில்லை. சிவப்புத் திட்டு இன்றும் இருக்கிறது.

காலடிப்பேட்டைவாசி

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இதற்கிடையில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

மாதவரம் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் கருவி இருந்தது. கூரை 104, 109, 106. பானட் 112 முதல் 118 வரை. இடது முன்கதவு 110, 113, 115. வலது பின்கதவு 108, 114, 111. இடது பின்கதவில் மேலே 228, நடுவில் 251, கீழே 236. அதற்குப் பின்னால் இருக்கும் பகுதியில் கதவை ஒட்டி 187 காட்டி, பின்விளக்கருகே 121 ஆகக் குறைந்தது. அண்ணா கதவைப் பார்க்காமலேயே சொன்னது அப்படியே எண்ணாக வந்ததைப் பார்த்து, கருவி வைத்திருந்தவரே "யார் சொன்னது?" என்று கேட்டார். பிளாஸ்டிக் பைச் சோதனையிலும் இந்தக் கதவு மட்டும் வழவழப்பாக இருந்தது.

புள்ளியைப் பற்றி எதுவும் எழுதாமல், எண்களையும் படங்களையும் இணைத்து, பி.டி.ஐ. தாளும் ஸ்டாக்யார்டு குறிப்பும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. 1915இல் பதிவு செய்த மூன்றாம் நாள் ஷோரூமின் பொது மேலாளர் தாமே அழைத்தார். டிரெய்லரிலிருந்து இறக்கும்போது கதவில் கீறல் விழுந்ததையும், அவர்களுடைய பணிமனையிலேயே பெயிண்ட் செய்ததையும் ஒப்புக்கொண்டார். விற்பனைப் பிரிவுக்கு அது தெரியாது என்றார். தெரிந்திருக்குமோ இருக்காதோ, எனக்கு எழுத்தில் வேண்டும் என்றேன். இப்போது ஒரு கடித வரைவு வந்திருக்கிறது: 35,000 ரூபாய் ஈட்டுத்தொகை, அந்தக் கதவின் பெயிண்டுக்கு 5 ஆண்டு எழுத்துபூர்வப் பொறுப்பு. கீழே ஒரு வரி: "இவ்வாகனம் தொடர்பாக எவ்விதக் கோரிக்கையும் இனி எக்காலத்திலும் எழுப்பப்படமாட்டாது." இதில் கையெழுத்திடலாமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்

தொகை நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. ஆணையத்துக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் எத்தனை வாய்தா என்று சொல்ல முடியாது. அந்தக் கடைசி வரியில் மட்டும் அப்படியே கையெழுத்திடாதீர்கள். "இவ்வாகனம் தொடர்பாக" என்றால் நாளை இன்ஜினோ கியர்பாக்ஸோ தகராறு செய்தாலும் அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். "இடது பின்கதவின் மறுவண்ணப்பூச்சு தொடர்பாக மட்டும், தயாரிப்பாளரின் வாரண்டி உரிமைகள் இதனால் பாதிக்கப்படமாட்டா" என்று மாற்றச் சொல்லுங்கள். கீறல் விழுந்தது டெலிவரிக்கு முன்பு என்ற வாக்கியமும் தேதியோடு இருக்க வேண்டும். கடிதத்தின் நகலைக் காப்பீட்டுத் தாள்களோடு வையுங்கள். பிற்காலத்தில் அந்தக் கதவில் உண்மையாகவே அடிபட்டு, வருகிற சர்வேயர் பழைய பூச்சைக் கண்டு கேள்வி கேட்டால், உங்களிடம் பதில் இருக்கும். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கருவியோடு வந்தாலும் அதே தாள்தான் பேசும்.

காலடிப்பேட்டைவாசி

வரியை மாற்றித் தந்தார்கள், ஐயா. இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. தொகை நேற்று கணக்கில் வந்துவிட்டது. அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பானட்டில் திரவத்தைத் தெளித்தேன். ஊதா நிறத்தில் வழிந்ததைப் பார்த்து என் மகள் கார் அழுகிறது என்றாள். கிளே பார் வெள்ளையாகப் போய்ச் சாம்பல் நிறத்தில் வந்தது. அண்ணாவிடம் கடைசியாக ஒன்று: அந்தக் கதவில் சிக்கியிருக்கும் தூசியை மட்டும் தேய்த்து எடுத்துவிடலாமா?

வியாசர்பாடி பெயிண்டர்

எடுக்கலாம், ஆனால் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்காமல் வேண்டாம். 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஒரு விரல்நுனி அளவு வெட்டி, தண்ணீர் தொட்டு, தூசியின் தலையை மட்டும் சீவிவிட்டுப் பாலிஷ் போட்டால் போய்விடும். ஐந்து நிமிட வேலை. அது கிளியருக்கு நடுவே இல்லாமல் கீழே முத்து அடுக்கிலேயே உட்கார்ந்திருந்தால், அதைத் தொடும்போது நிறமும் சேர்ந்து வந்து, நிறம் மாறிய ஒரு புள்ளி நிற்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்து, தூசியின் நிழல் அடியில் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் விழுந்தால் மேலே இருக்கிறது, கொண்டுவாருங்கள். விழாவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.